எங்கள் கொண்டோவில் நாள் வாடகைக்கு விடுவதை அனுமதிக்கலாமா?

கேள்வி: பெட்டாலிங் ஜெயாவில் 14 மாடிக் கொண்டோ ஒன்றில் பல வருஷமாகக் குடியிருக்கிறோம். மொத்தம் 220 வீடுகள். ஸ்ட்ராட்டா பட்டா (வீட்டுக்கு வீடு தனிப்பட்டா) கிடைத்து, உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த நிர்வாகக் கழகமான எம்சியும் அமைந்துவிட்டது. அதன் செயற்குழுவில் நான் செயலாளர். சுமார் இருபது வீடுகளை உரிமையாளர்கள் ஏர்பிஎன்பியில் போட்டு நாள் கணக்கில் விடுகிறார்கள். ராத்திரிச் சத்தம், லிஃப்ட் நெரிசல், நீச்சல் குளத்தில் தெரியாத முகங்கள் என்று புகார் வராத வாரமே இல்லை. 'நாளையிலிருந்து கார்ட் ஹவுஸிலேயே நிறுத்திவிடலாம், அக்செஸ் கார்டையும் பிளாக் பண்ணிவிடலாம்' என்கிறார் எங்கள் தலைவர். ஆனால் என் பக்கத்து வீட்டு அக்கா கோவிட் சமயத்தில் வேலை போனதிலிருந்து தன் இரண்டாவது வீட்டை இப்படி விட்டுத்தான் வங்கித் தவணை கட்டுகிறார். நிபந்தனைகளோடு அனுமதித்து, அந்த வீடுகளிடம் கூடுதல் பராமரிப்புக் கட்டணம் வாங்கலாமா? ஏஜிஎம் என்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் இன்னும் ஐந்து வாரத்தில்.

பதில்:

சகோதரி, முதல் வேலையாக உங்கள் தலைவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நாள் வாடகையைத் தடுக்கும் அதிகாரம் உங்கள் கட்டடத்துக்கு உண்டு. ஆனால் அது செயற்குழுவின் கையில் இல்லை, பொதுக்கூட்டத்தின் கையில் இருக்கிறது. லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டு மறுநாள் பெட்டியும் கையுமாக வந்த குடும்பத்தை வாசலில் நிறுத்தினால், அந்த வீட்டு உரிமையாளர் ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றத்துக்குப் போவார். அங்கே உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, 'எந்த விதியின் கீழ் நிறுத்தினீர்கள்?' என்பதுதான். காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. கார்டை முடக்குவதும் அப்படியே. பராமரிப்புக் கட்டணமோ எம்சிக்குச் சேர வேண்டிய வேறு பணமோ பாக்கி வைத்தவர்களின் கார்டை முடக்கத்தான் 2015-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாக ஒழுங்குவிதிகளின் மூன்றாம் அட்டவணை இடம் தருகிறது. கட்டணத்தை ஒழுங்காகக் கட்டி வருகிறவரின் கார்டை, அவர் யாரைத் தங்க வைக்கிறார் என்பதற்காக முடக்க அது இடம் தரவில்லை.

அடுத்து, கூட்டத்துக்கு முன்பே பார்க்க வேண்டிய ஒரு தாள் இருக்கிறது: நிலப்பட்டா. பல செயற்குழுக்கள் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதில் 'சியாரட் ஞாத்தா' என்ற தலைப்பின் கீழ் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஓரிரு வரிகள் இருக்கும். குடியிருப்புக் கொண்டோ என்று இருக்கிறதா, வணிகம் என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்து உங்கள் விவாதத்தின் போக்கே மாறிவிடும். சர்வீஸ் அபார்ட்மென்ட், சோஹோ (வீடும் அலுவலகமும் சேர்ந்தது) என்று விற்கப்பட்ட கட்டடங்கள் பெரும்பாலும் வணிக நிலத்தில் நிற்பவை. அங்கே வீடு வாங்கியவர்களில் பலர் நாள் வாடகை வருமானத்தைக் கணக்குப் போட்டே வாங்கியிருப்பார்கள். உங்களுடையது பல வருஷமாகக் குடும்பங்கள் வாழும் கொண்டோ என்பதால் குடியிருப்பு நிலமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், இருந்தாலும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பினாங்கு மாநிலம் 2023-இல் கொண்டுவந்த வழிகாட்டி விதிகளும் இந்தக் கோட்டைத்தான் பிடித்தன: வணிகப் பிரிவில் உள்ள ஸ்ட்ராட்டா கட்டடங்களில் மட்டும், அதுவும் நிர்வாகக் கழகத்தின் சம்மதத்தோடு. சிங்கப்பூரில் உங்களைப் போன்ற செயற்குழுவுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக யாருக்கும் விடக் கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. சிலாங்கூரில் இருக்கும் நீங்கள் உங்களுக்குள் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் கூட்டத்தில் யாராவது எழுந்து, 'என் வீடு, என் பட்டா, நான் யாருக்கு வேண்டுமானாலும் விடுவேன், எம்சிக்கு என்ன உரிமை?' என்று நிச்சயம் கேட்பார். நியாயமான கேள்விதான். 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் 70-ஆவது பிரிவிலேயே அதற்கு ஓர் இடம் இருக்கிறது. எம்சி கொண்டுவரும் கூடுதல் விதி எதுவும் ஒருவர் தன் வீட்டை விற்பதையோ, வாடகைக்கு விடுவது போன்ற சட்டப்படியான பரிமாற்றங்களையோ தடுக்க முடியாது என்கிறது 70(5). மொன்ட் கியாராவில் வெர்வ் சூட்ஸ் கட்டடத்தில் நாள் வாடகை விட்ட உரிமையாளர்கள் கையில் எடுத்த ஆயுதமும் இதுதான். அங்கே எம்சி 2017-இல் பொதுக்கூட்டம் கூட்டி, நாள் வாடகைக்குத் தடை விதித்து, மீறினால் நாளுக்கு 200 ரிங்கிட் அபராதம் என்று ஒரு கூடுதல் விதியை நிறைவேற்றியது. வழக்கு உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று ஏறி, கடைசியில் நாட்டின் உச்ச மன்றமான கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. எம்சி மூன்று மன்றங்களிலும் ஜெயித்தது.

நீதிமன்றம் சொன்ன காரணத்தை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் விதியை எழுதும்போது அதுதான் வழிகாட்டி. வருஷக் கணக்கில் வாடகைக்கு எடுத்தவர் அந்த வீட்டைத் தன் வசத்தில் வைத்திருப்பவர். உரிமையாளரே ஆனாலும் அவரைக் கேட்காமல் உள்ளே போக முடியாது. இரண்டு ராத்திரி தங்க வந்தவர் அப்படி இல்லை. ஹோட்டல் விருந்தினரைப் போல, தங்கிக்கொள்ள அனுமதி பெற்றவர், அவ்வளவுதான். இந்த அனுமதி சட்டம் பாதுகாக்கும் பரிமாற்றம் ஆகாது, எனவே 70(5) இதற்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். இதில் இரண்டு பாடம் உண்டு. நாள் வாடகையை உங்கள் கட்டடம் தடுக்கலாம், நெறிப்படுத்தலாம். ஆனால் உண்மையான வாடகைக் குடித்தனத்தைத் தொடக் கூடாது. சில கட்டடங்கள் ஆத்திரத்தில் 'ஒரு வருஷத்துக்குக் குறைவாக எதற்கும் அனுமதி இல்லை' என்று எழுதி வைத்திருக்கின்றன. ஆறு மாத ஒப்பந்தத்தோடு குடியிருக்கும் வாடகைக்காரர் ஒருவர் நடுவர் மன்றத்துக்குப் போனால் அந்த விதி தாங்குமா என்பது சந்தேகம். அகலமாக எழுதினால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. 'கட்டணம் வாங்கிக்கொண்டு, நாள் அல்லது வாரக் கணக்கில், குடித்தன ஒப்பந்தம் இல்லாமல் தங்க வைப்பது' என்று குறுக்கிப் பிடியுங்கள். தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து வந்து நாலு நாள் தங்கும் சித்தப்பா குடும்பம் இதில் மாட்டாது. மாட்டவும் கூடாது.

சரி, கூட்டக் கணக்குக்கு வருவோம். இதற்குத் தேவை சிறப்புத் தீர்மானம். தீர்மானத்தின் வாசகத்தோடு குறைந்தது 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். உங்களுக்கு ஐந்து வாரம் இருக்கிறது, ஆனால் வாசகத்தை எழுதி, வழக்கறிஞரிடம் காட்டி, அச்சடித்து அனுப்ப மிஞ்சுவது இரண்டே வாரம். தாமதமானால் ஏஜிஎம்மில் இதை நுழைக்காதீர்கள். பிறகு தனியாக ஒரு சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டிக்கொள்ளலாம். அவசரத்தில் பிசகிய அறிவிப்பு ஒன்றே எல்லாவற்றையும் செல்லாததாக்கிவிடும். வேண்டிய ஆதரவு நான்கில் மூன்று பங்கு. இது 220 வீட்டில் 165 என்று பயப்பட வேண்டாம், கூட்டத்தில் விழுந்த செல்லுபடியான வாக்குகளில் நான்கில் மூன்று. 80 வாக்கு விழுந்தால் 60 போதும். கை தூக்கும் முறையில் வீட்டுக்கு ஒரு வாக்கு. யாராவது வாக்குச்சீட்டு முறையைக் கேட்டுவிட்டால் ஒவ்வொரு வீட்டின் பங்கு அலகுப்படி (வீட்டின் பரப்பு போன்றவற்றை வைத்து அதற்குத் தரப்பட்ட எண்) எடை போடப்படும், பெரிய வீட்டுக்குக் கனம் அதிகம். ஒருவர் ஓர் உரிமையாளருக்கு மட்டுமே பதிலாளாக வாக்களிக்கலாம், எனவே ஏஜெண்டு ஒருவர் பத்துப் படிவத்தோடு வந்து நின்றால் ஒன்றுதான் செல்லும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு கட்டணப் பாக்கி இருந்தால் வாக்கே கிடையாது. தடை வேண்டும் என்று உரக்கப் பேசும் பெரியவர்கள் சிலருக்கு அந்த ஏழாவது நாளில் சின்னத் தொகை பாக்கி இருந்து வாக்கு போனதை நான் பார்த்திருக்கிறேன். இப்போதே எல்லாருக்கும் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான்.

ஒரு தொழில்முறை யோசனை: ஒரே ஒரு தீர்மானத்தோடு போகாதீர்கள். முதலில் தடைத் தீர்மானம். அது நான்கில் மூன்றைத் தொடவில்லை என்றால், அதே கூட்டத்தில் அடுத்ததாக நெறிப்படுத்தும் தீர்மானம். இரண்டும் அறிவிப்பிலேயே முழு வாசகத்தோடு இருக்க வேண்டும். பல கட்டடங்களில் தடைத் தீர்மானம் எழுபது சதவீதத்தில் நின்று தோற்கும், கூட்டம் கலைந்துவிடும். அப்புறம் தடையும் இல்லை, விதியும் இல்லை. அடுத்த நாள் காலையில், நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் 'பார்த்தீர்களா, கூட்டமே அனுமதித்துவிட்டது' என்று சொல்லத் தொடங்குவார்கள். தோற்ற தடை அனுமதி ஆகாது. ஆனாலும் அதை ஒவ்வொரு நாளும் வாசலில் விளக்கிக்கொண்டிருப்பது உங்கள் காவலாளியின் தலையில் விழும்.

நீங்கள் என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள், மறைக்காமல் சொல்கிறேன். நிலம் குடியிருப்பு நிலமாக இருந்து, பெரும்பாலான வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன என்றால், நாள் வாடகையை அனுமதிக்காதீர்கள். சுற்றுலாப் பயணிகள் கெட்டவர்கள் என்பதற்காக இல்லை, பெரும்பாலோர் ஒழுங்கானவர்கள்தான். இந்த ஏற்பாட்டில் வருமானம் ஒருவருக்கும் சுமை மற்றவர்களுக்கும் போகிறது, அதுதான் காரணம். ராத்திரி பதினொன்றரை மணிக்கு நாலு பெட்டியோடு ஒரு குடும்பம் உங்கள் கார்ட் ஹவுஸில் வந்து நிற்பதை யோசித்துப் பாருங்கள். வீட்டு எண் தெரியும், உரிமையாளர் பெயர் தெரியாது. 'பிரெண்ட் வீடு' என்று சொல்லச் சொல்லி அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே செய்தி வந்திருக்கிறது. காவலாளி இண்டர்காமில் அழைக்கிறார், வீட்டில் யாரும் இல்லை. பின்னால் மூன்று கார் ஹாரன் அடிக்கிறது. கடைசியில் 'விசிட்டர்' என்று நோட்டில் எழுதி உள்ளே விடுகிறார். அவர்கள் லெட்டர் பாக்ஸ் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் பூட்டித் தொங்கும் நம்பர் பெட்டியைத் திறந்து, அதிலிருந்து சாவியும் கார்டும் எடுத்துக்கொண்டு மேலே போகிறார்கள். அந்த நம்பரை உரிமையாளர் மாற்றி எத்தனை மாதம் ஆயிற்றோ! அதற்கு முன் தங்கிய அத்தனை பேருக்கும் அது தெரியும். அந்தக் கார்டு உங்கள் மாடி லிஃப்டையும் திறக்கும். அன்று ராத்திரி தீ எச்சரிக்கை மணி அடித்தால், பன்னிரண்டாவது மாடியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தீயணைப்பு வீரரிடம் சொல்ல உங்களால் முடியாது. சத்தம், குப்பை எல்லாம்கூடப் பேசித் தீர்க்கலாம். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு கட்டடத்தை நிர்வகிக்க முடியாது.

அதனால்தான் கூடுதல் பராமரிப்புக் கட்டணம் என்ற உங்கள் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. பராமரிப்புக் கட்டணம் பங்கு அலகைப் பொறுத்தது. முற்றிலும் வேறு பயன்பாட்டில் இருக்கும் வீடுகளுக்கு வேறு விகிதம் வைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் குடியிருப்புக் கட்டடத்தில் 'இந்த இருபது வீடும் வேறு பயன்பாடு' என்று நீங்களே பதிவு செய்து பணம் வாங்கினால், நிலப்பட்டா அனுமதிக்காத தொழிலுக்கு எம்சியே ரசீது போட்ட மாதிரி ஆகிவிடும். நாளைக்கு ஊராட்சி மன்றமோ, ஒரு விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனமோ அந்த ரசீதைத்தான் எடுத்துக் காட்டும். கட்டடத்தின் காப்பீட்டு ஆவணத்தையும் எடுத்துப் படியுங்கள். எந்தப் பயன்பாட்டைச் சொல்லிப் பாலிசி எடுத்தீர்கள், நாள் வாடகை அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தால் அரை மணி நேர விவாதம் மிச்சம்.

ஒருவேளை உங்கள் நிலம் வணிகப் பிரிவாக இருந்தால், அல்லது தடைத் தீர்மானம் தோற்று இரண்டாவது தீர்மானத்துக்குப் போனால், அதில் என்ன இருக்க வேண்டும்? எல்லாப் பொறுப்பும் உரிமையாளர் தலையில் தெளிவாக இறங்க வேண்டும். நாள் வாடகை விடும் வீடு நிர்வாக அலுவலகத்தில் பதிவாக வேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் முன்பே விருந்தினரின் பெயர், எண்ணிக்கை, கார் எண் வந்து சேர வேண்டும், வராவிட்டால் காவலாளி உள்ளே விடத் தேவையில்லை. ராத்திரி எந்த நேரம் அழைத்தாலும் எடுத்து, அரை மணி நேரத்தில் நேரில் வரக்கூடிய ஓர் ஆள், உரிமையாளரோ அவருடைய ஏஜெண்டோ, கட்டாயம் வேண்டும். லண்டனிலிருந்து வாட்ஸ்அப்பில் 'ஸாரி' அனுப்புகிறவர் இதற்குப் போதாது. பொது இடங்களில் சாவிப் பெட்டி தொங்கக் கூடாது, சாவியைக் கையில்தான் கொடுக்க வேண்டும். படுக்கையறைக்கு இத்தனை பேர் என்று வரம்பு, குறைந்தபட்ச இரவுகள், குளத்துக்கும் ஜிம்முக்கும் தெளிவான விதி, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மீறினால் அபராதம் விருந்தினருக்கு இல்லை, வீட்டுக்கு. மூன்று தடவை மீறினால் பதிவு ரத்து. இந்தத் தீர்மானத்துக்கு ஒரு வருஷம் மட்டும் ஆயுள் வையுங்கள், அடுத்த ஏஜிஎம்மில் அனுபவத்தைப் பார்த்துப் புதுப்பிக்கலாம், விட்டுவிடலாம். ஊராட்சி மன்ற அனுமதி தேவைப்பட்டால் அதைப் பெறுவதும், வெளிநாட்டுப் பயணிக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியைப் பார்த்துக்கொள்வதும், வருமான வரியில் காட்டுவதும் உரிமையாளர் வேலை. சுற்றுலா வரியை 2023 ஜனவரியிலிருந்து முன்பதிவுத் தளங்களும் வசூலிக்க வேண்டும் என்பதால் அந்த வருமானம் இனி யாருக்கும் தெரியாமல் போகும் பணம் இல்லை. இதை உங்கள் உரிமையாளர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

எந்தத் தீர்மானம் நிறைவேறினாலும், அதன் சான்றளித்த பிரதியை பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றமான எம்பிபிஜேயில் உள்ள கட்டட ஆணையர் பிரிவில் தாக்கல் செய்யுங்கள். எல்லா வீட்டுக்கும் ஒரு பிரதி போகட்டும். அபராதம் கட்ட மறுத்தால் ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 2,50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். அங்கே ஆதாரம்தான் பேசும்: கார்ட் ஹவுஸ் பதிவேடு, கேமரா பதிவு, இணையத்தில் வந்த விளம்பரத்தின் தேதி போட்ட படம். இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ராத்திரிக் கூச்சல், குப்பையை மாடிப்படியில் வைப்பது, பிறர் பார்க்கிங்கில் வண்டி நிறுத்துவது எல்லாம் ஏற்கெனவே உள்ள விதிகளுக்கே விரோதம். வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்பத் தொடங்கலாம்.

உங்கள் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மனசில் அவரை வைத்துக்கொண்டுதான் நீங்கள் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவரை முதலில் நேரில் போய்ப் பாருங்கள், அறிவிப்புத் தாள் கதவின் கீழ் விழுவதற்கு முன்பே. பெட்டாலிங் ஜெயாவில் மாத வாடகைக்கு ஆள் கிடைக்காமல் போகாது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் தாதியர், பயிற்சி மருத்துவர்கள், முதுகலை மாணவர்கள், ஆறு மாதம் ஒரு வருஷம் என்று வீடு தேடுகிறவர்கள் நிறைய. அறைகலன்களோடு தயாராக இருக்கும் வீட்டுக்கு நல்ல வாடகையே கிடைக்கும். நல்ல மாதத்தில் நாள் வாடகையில் வந்த அளவுக்கு வராது, அதை ஒளிக்க வேண்டாம். ஆனால் துப்புரவுக் கூலி, தளத்தின் கழிவு, காலியாகக் கிடக்கும் நாட்கள், தண்ணீர், மின்சாரம் எல்லாவற்றையும் கழித்து ஒரு வருஷக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், இடைவெளி அவர் பயப்படும் அளவுக்கு இருக்காது. முத்திரையிட்ட ஒப்பந்தம், இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத வைப்பு என்ற வழக்கமான முறையில் போனால் தவணைப் பணம் ஒவ்வொரு மாதமும் வந்து சேரும். அப்படிப்பட்ட குடித்தனத்தை உங்கள் எம்சி எந்தக் காலத்திலும் தடுக்கவும் முடியாது.

அவரைப் போன்றவர்கள் ஏற்கெனவே முன்பதிவு வாங்கியிருப்பார்கள். அதனால் தடை அன்றைக்கே அமலுக்கு வர வேண்டாம். கூட்டத் தேதியிலிருந்து மூன்று மாத அவகாசம் கொடுங்கள், அதற்குள் புதிய முன்பதிவு எடுக்கக் கூடாது என்று மட்டும் கட்டுப்பாடு வையுங்கள். இந்த அவகாசத்தைத் தீர்மானத்தின் வாசகத்திலேயே எழுதிவிடுங்கள். வாய்மொழியாகக் கொடுத்த வாக்கை அடுத்த ஆண்டு வரும் செயற்குழு மதிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.